ரெண்டு விரல் லைட்டு

கல்யாணப் புடவையில் கறுப்புத் துணி வைத்துத் தைத்தவள் என்று ஒருத்திக்குப் பெயர் வந்துவிட்டால், அப்புறம் தாம்பரத்தில் எந்தப் புடவைக் கடைக்காரன் அவளைக் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? காந்திமதிக்கு அந்தப் பெயர் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, கடை நிறைய ஆள் இருக்கும்போது வந்து சேர்ந்தது.

"இன்னாம்மா இது?" கடைக்காரர் சம்பந்தம் புடவையை மேசைமேல் விரித்துப் போட்டார். "இது இன்னா கலரு?"

"கருநீலம் சார்."

"அடியில வெச்சித் தெச்சிகிறியே, அது?"

காந்திமதி குனிந்து பார்த்தாள். வாசலில் இன்னும் பகல் வெளிச்சம் பாக்கி இருந்தது. புடவையின் கீழோரத்தில் உள்பக்கமாக அவள் வைத்துத் தைத்த ஃபால்ஸ் துணி அடுப்புக் கரி மாதிரி கறுப்பாக இருந்தது. நேற்று ராத்திரி வீட்டில் பார்த்தபோது புடவையும் துணியும் ஒரே நிறம். சத்தியமாக ஒரே நிறம்.

"நிச்சயதார்த்தப் புடவைம்மா. பொண்ணோட அத்தை மடிப்பைப் பிரிச்சிப் பாத்துட்டு, எங்க வூட்டுப் பொண்ணுக்குக் கறுப்பு கட்டி அனுப்பறியான்னு நடுக்கடைல நின்னு கத்துது. நான் வாயத் தொறக்க முடியாம நின்னுகினு கீறேன். செம பேஜாரு."

"பிரிச்சித் தெச்சிக் குடுத்துடறேன் சார்."

"இது மட்டும் இல்ல. இதோட சேத்து ஆறு புடவை, எல்லாம் அதே கல்யாணந்தான்." ஒரு மூட்டையை அவள் பக்கம் தள்ளினார். "நாளைக்குக் காலைல கடை தொறக்கும்போது கொண்டா. வாசல்ல வெயில்ல போட்டு ஒவ்வொண்ணாப் பாப்பேன். ஆறும் சரியா இருந்துச்சின்னா, நான் சொன்ன சொல்லு சொல்லுதான், இனிமே கடையோட ஃபால்ஸ் வேலை மொத்தமும் உன்னுது. ஒண்ணு தப்பா இருந்தாலும் குரோம்பேட்டைல ஒரு அம்மா கேட்டுகினே கீது. உனக்கும் எனக்கும் அத்தோட சரி."

மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு காந்திமதி தெருவில் இறங்கினாள். அந்த மொத்த வேலையைத்தான் அவள் ஆறு மாதமாகக் குறி வைத்திருந்தாள். அது கிடைத்துவிட்டால் சானடோரியத்து எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஒரு கும்பிடு. காலையிலிருந்து சாயங்காலம் வரை சட்டைக் காலர், காலர், காலர். பாத்ரூம் போகக்கூட சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும். சொந்த மெஷினில், சொந்த நேரத்தில், யார் டோக்கனும் இல்லாமல் உட்கார்ந்து தைப்பது என்று அவள் முடிவு பண்ணி ரொம்ப நாளாயிற்று.

கம்பெனியில் ஒவ்வொரு மெஷினுக்கு மேலும் ஒரு டியூப் லைட் தொங்கும். அங்கே இரண்டு வருஷத்தில் ஒரு நூல் நிறம்கூட அவள் மாற்றி வைத்ததில்லை. கோளாறு கண்ணில் இல்லை, வீட்டுப் பல்பில் இருக்கிறது. அந்த மஞ்சள் குண்டு பல்பின் கீழே கருநீலமும் கறுப்பும் கூடப்பிறந்த ரெட்டைப் பிள்ளைகள். கத்திரிப்பூ நிறமும் காப்பிப்பொடி நிறமும் பங்காளிகள். அது தெரிந்த பிறகும் அதே பல்பின் கீழே போய் உட்கார்ந்து ஆறு புடவையைத் தைக்க அவளுக்கு என்ன பைத்தியமா?

நேராகத் தோத்தாத்ரியின் எலெக்ட்ரிக் கடைக்குள் நுழைந்தாள்.

"அண்ணா, நூலு கலரு சரியாத் தெரியற மாதிரி ஒரு லைட்டு வோணும்."

தோத்தாத்ரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். இருபது வருஷமாக எல்லாரும் அவரிடம் "ஒரு அறுபது வாட்ஸ் பல்பு" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். லைட்டுக்கு என்ன வேலை என்று சொல்லிக் கேட்டவள் இவள் ஒருத்திதான். "வாம்மா, நீயே பாத்துக்கோ" என்று சுவரில் இருந்த மரப் பலகையைக் காட்டினார். வாங்குகிறவர்களுக்கு எரித்துக் காட்டுவதற்காக வரிசையாக ஹோல்டர் அடித்த பலகை.

காந்திமதி மூட்டைக்குள் கைவிட்டு இரண்டு நூல்கண்டுகளை எடுத்தாள். ஒன்று கறுப்பு, ஒன்று கருநீலம். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நன்றாகக் குலுக்கிக் கலந்துவிட்டு, குண்டு பல்பின் கீழே நீட்டினாள். எது எதுவென்று தெரியவில்லை. டியூப் லைட்டின் கீழே நீட்டினாள். தெரிந்தது.

"டியூப்பே எடுத்துக்கறேன்ணா."

"வீடு எங்க?"

"முடிச்சூரு."

"ஐயோ! சாயங்காலம் ஆறு மணிக்கு மேல உங்க ஊர்ல வோல்டேஜ் ஏது? டியூப் லைட் விடிய விடியக் கண்ணடிச்சுண்டே இருக்கும், எரியாது. உங்க ஆத்துக்காரர் வேற தப்பா நினைச்சுப்பார்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்து ஊதினார். உள்ளே இருந்தது உள்ளங்கை அளவு சமாச்சாரம். அடியில் பல்புக்கு இருக்கிற மாதிரியே இரண்டு முள். மேலே வெள்ளைக் கண்ணாடிக் குழாய் வளைந்து, இரண்டு விரலை நீட்டி வைத்த மாதிரி நின்றது.

"புதுசு. பதினோரு வாட்ஸ்தான். அறுபது வாட்ஸ் பல்பு குடுக்கற வெளிச்சம் குடுக்கும். வோல்டேஜ் படுத்தாலும் எரியும். ஆனா ஒருத்தரும் வாங்க மாட்டேங்கறா."

"பதினொண்ணுல எப்பிடிண்ணா அறுபது வரும்?"

"பல்புல போற கரெண்ட்ல முக்காலே மூணு வீசம் சூடாப் போயிடறதும்மா. மிச்சந்தான் வெளிச்சம். தொட்டுப் பாரேன், தெரியும்."

காந்திமதி பல்பைத் தொட்டாள், விரலை உதறினாள். ரெண்டு விரல் லைட்டைத் தொட்டாள். கருவாட்டுச் சட்டி ஆறின சூடு. அதிலேயே இரண்டு ரகம் இருந்தது. ஒன்று லேசான மஞ்சள், ஒன்று வெள்ளை. வீட்டுக்கு மஞ்சள்தான் லட்சணம் என்றார் தோத்தாத்ரி. அவள் நூல்கண்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, லட்சணம் வேண்டாம், வெள்ளை போதும் என்றாள். விலையைக் கேட்டதும் மட்டும் பெட்டியைத் திரும்ப மேசைமேல் வைத்தாள். தீபாவளிக்குப் புடவை எடுக்கச் சீட்டுக் கட்டி வந்த பணம் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. மாசம் நூறு புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறவளுக்கு நூற்றியோராவது புடவை இந்த வருஷம் இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும்? எடுத்து வைத்தாள்.

முடிச்சூரில் அவளும் அவள் புருஷன் துரையும் குடியிருந்தது முனிரத்தினம் கட்டிவிட்ட வரிசை வீட்டில். மூன்று போர்ஷன் வாடகைக்கு, தெருவைப் பார்த்த பெரிய போர்ஷன் அவருக்கும் அவர் சம்சாரம் கங்கையம்மாளுக்கும். பத்து வருஷம் முன்னால் அந்த இடம் முழுக்க அவர் நெல் போட்ட நிலம். ஒவ்வொரு துண்டாக பிளாட் போட்டு விற்றுவிட்டார். வீட்டுக்குப் பின்னால் கடைசித் துண்டு ஒன்றை மட்டும் விலை ஏறட்டும் என்று வைத்திருந்தார். ராத்திரியில் எவனாவது எல்லைக் கல்லைப் பிடுங்கி நாலடி தள்ளி நட்டுவிடுவான் என்பது அவருடைய தீராத பயம். அதனால் நிலத்தின் நடுவே ஒரு சவுக்குக் கொம்பை நட்டு, தகரத் தொப்பி போட்டு, இருநூறு வாட்ஸ் பல்பு ஒன்றைக் கட்டியிருந்தார். அணைத்து அணைத்துப் போட்டால் பல்பு கெட்டுவிடும் என்று அதை அணைப்பதே இல்லை. நட்ட நடு மத்தியானம் கூட அது சூரியனோடு போட்டி போட்டுக்கொண்டு எரியும்.

வீடு மொத்தத்துக்கும் ஒரே மீட்டர். அது முனிரத்தினத்தின் வாசல் சுவரில் இருந்தது. ஆயுத பூஜைக்கு ஏர்கலப்பைக்குப் பொட்டு வைத்த மனிதர், நிலம் போன பிறகு மீட்டர் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைக்க ஆரம்பித்திருந்தார். பில் வந்தால் நாலு பங்கு. எவனாவது கூடுதல் என்று முனகினால், "மீட்டரு பொய் சொல்லாதுப்பா" என்று பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். போர்ஷனுக்கு இரண்டு பல்பு, அறுபது வாட்ஸுக்கு மேல் கூடாது, டியூப் லைட்டுக்கு அனுமதியே கிடையாது. மூன்று வருஷம் முன்னால் ஒரு குடித்தனக்காரன் திருட்டுத்தனமாக ஹீட்டர் வைத்து, பில் இரண்டு மடங்கு வந்ததிலிருந்து இந்தச் சட்டம்.

காந்திமதி வீட்டுக்குள் நுழைந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, பல்பைக் கழற்றிவிட்டு ரெண்டு விரல் லைட்டை மாட்டினாள். ஸ்விட்சைத் தட்டினாள். ஒரு துடிப்பு. அப்புறம் வீடு முழுக்கப் பால் ஊற்றின மாதிரி ஆயிற்று.

"ஆத்தாடி!" என்றான் துரை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பிளாஸ்டிக் பக்கெட் கம்பெனியில் காலை ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தான். "செவுத்துல இவ்ளோ அழுக்கா கீது?"

"அழுக்கு அப்பறம் பாரு. நூலப் பாரு. இது இன்னா கலரு?"

"நீலம்."

"இது?"

"கறுப்பு."

"நேத்து இதே நூலக் காட்டுனப்போ இன்னா சொன்ன?"

"ரெண்டும் ஒண்ணுன்னேன்."

"அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். தப்பாகத் தைத்த கறுப்பைப் பாதி பிரித்திருப்பாள். வாசலில் செருப்புச் சத்தம்.

"இந்தாம்மா காந்தி! ஜன்னலு வழியா தெருவே வெள்ளையாத் தெரிது. யார கேட்டு டியூப் லைட்டு போட்ட?"

"டியூப் லைட்டு இல்லண்ணா. இது பதினோரு வாட்ஸு. உங்க பல்ப வுடக் கம்மி."

முனிரத்தினம் உள்ளே எட்டிப் பார்த்தார். சிரித்தார். குழந்தை ஏதோ உளறினால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "ஏம்மா, நானு மாடு வெச்சிருந்தவன். எங்கிட்டயே கதை வுடறியா? தீனி போட்டாத்தான் பாலு. பாலு ரெண்டு மடங்கு கறக்குதுன்னா தீனி ரெண்டு மடங்கு துன்னுதுன்னு அர்த்தம். வெளிச்சம் எவ்ளோ வர்தோ, கரெண்டு அவ்ளோ போவுது. கயட்டு அத்த."

"உங்க பல்பு மாடு பாலு குடுக்கலண்ணா. துன்னதெல்லாம் சாணியா போடுது. தொட்டுப் பாருங்க, கை வெந்துடும். இந்த மாட்டுக்கு சாணியே கெடையாது, அதான் கம்மியாத் துன்னுது."

பக்கத்து போர்ஷன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எட்மண்ட் 'க்ளுக்' என்று சிரித்துவிட்டார். ரயில்வே பார்சல் ஆபீஸில் கிளார்க். வேலைவெட்டி முடிந்தால் வாசல்தான் அவருக்குச் சினிமா. அந்தச் சிரிப்புதான் வினையாயிற்று. முனிரத்தினத்தின் முகம் சிவந்தது.

"வூடு என்னுது. சட்டம் என்னுது. பேசிகினா இருக்க?"

விடுவிடுவென்று போனார். அடுத்த நிமிஷம் காந்திமதியின் போர்ஷன் இருட்டு. அவள் போர்ஷனுக்கான பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுவிட்டார்.

இருட்டில் துரையின் குரல் வந்தது. "இன்னாமே, ஏன்மே வம்பு? பல்ப மாட்டிடு. ஐயாயிரம் அட்வான்ஸ் வாங்கி வெச்சிகிறாரு. காலி பண்ணுன்னா எங்க போறது?"

"பல்ப மாட்டுனா நாளைக்கு இன்னொரு கறுப்பு வெச்சித் தெப்பேன். அப்பறம் சாகற வரைக்கும் காலரு."

"மன்னாப்புன்னு ஒரு வார்த்தை சொல்லேன், போவட்டும்."

"இன்னாத்துக்கு? கம்மியா கரெண்டு எரிச்சதுக்கா?"

கழற்றின பல்பை ஒரு கையிலும், ரெண்டு விரல் லைட்டை மறு கையிலும் எடுத்துக்கொண்டு, இருட்டிலேயே படி இறங்கி முனிரத்தினத்தின் வாசலில் போய் நின்றாள். மீட்டர் பெட்டிக்கு நேராக.

"அண்ணா! மீட்டரு பொய் சொல்லாதுன்னு நீங்கதான சொல்வீங்க? வாங்க, அதையே கேட்டுடலாம். எல்லாரும் லைட்ட ஆப் பண்ணட்டும். என் பீஸ மட்டும் போடுங்க. அஞ்சி நிமிசம் உங்க பல்பு எரியட்டும், அஞ்சி நிமிசம் என் லைட்டு எரியட்டும். உள்ள ஒரு தட்டு சுத்துது பாருங்க, அது எத்தினி சுத்து வர்துன்னு எண்ணுவோம். உங்க பல்பு கம்மியா இருந்துச்சின்னா நானே இந்த லைட்டக் கல்லுல போட்டு ஒடைக்கறேன்."

"ஃபேர் என்னஃப்" என்றார் எட்மண்ட். "நான் வாட்ச் பாக்கறேன் சார். ரயில்வே டைம்."

அத்தனை பேர் முன்னால் மீட்டரைச் சந்தேகப்பட முனிரத்தினத்தால் முடியவில்லை. "எண்ணு" என்றார். "ஒடைக்கறேன்னு சொன்னத மறந்துடாத."

ஒவ்வொரு போர்ஷனாக அணைந்தது. ஃபேன் நின்றது. கங்கையம்மாள் பார்த்துக்கொண்டிருந்த டி.வி. நின்றது. "பாதியில நிறுத்திட்டீங்களேடா பாவிங்களா" என்று அவள் வெளியே வந்தாள். கடைசிப் போர்ஷன்காரன் ரேடியோவின் பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டு வந்து நின்றான். எட்மண்ட் டார்ச்சை மீட்டரின் கண்ணாடிமேல் அடித்தார்.

எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் இருந்த சிவப்புப் புள்ளி நிதானமாக வந்து, கடந்து, மறுபடி வந்தது.

"எவன்டா இன்னும் அணைக்கல?" என்றார் முனிரத்தினம்.

எல்லாரும் எல்லா வீட்டையும் பார்த்தார்கள். வரிசை முழுக்க இருட்டு. புள்ளி மறுபடி வந்தது.

"அது... அது மீட்டரு சும்மாவே அப்பிடித்தான். காத்துல சுத்தும்."

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஏது சார் காத்து?" என்றார் எட்மண்ட்.

காந்திமதி திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால் தென்னங்கீற்றுக்கெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு ஒரு வெளிச்சம். தினம் பார்த்துப் பார்த்து யார் கண்ணிலும் படாமல் போன வெளிச்சம்.

"அண்ணா, அந்த பிளாட்டு லைட்டு எந்த மீட்டர்ல ஓடுது?"

எட்மண்டின் டார்ச் மீட்டரை விட்டுப் பின்பக்கம் திரும்பியது.

"அது நெலத்துக்கு எரியுது" என்றார் முனிரத்தினம். "அத்த ஏன் இதுல இழுக்கற? அது வெளிய கீது. வூட்டுக் கணக்குல வராது."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை. நிலம் வேறு, வீடு வேறு என்று பிறந்ததிலிருந்து பிரித்துப் பார்த்த மனிதர். நிலத்துக்கு எரிகிற விளக்கு எப்படி வீட்டு பில்லில் வரும் என்று உண்மையாகவே அவருக்குத் தோன்றியதில்லை. ஆனால் மீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. மூன்று வருஷமாக அந்த மஞ்சள் வெளிச்சத்தில் முக்கால் பங்குக்குக் காசு கட்டிய மூன்று குடித்தனமும் இப்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன.

"யோவ்" என்றாள் கங்கையம்மாள் மெதுவாக. "இத்தினி நாளு அந்தப் பய ஹீட்டரு வெச்சான்னு திட்டிகினு இருந்தியே."

"நீ சும்மா இரு!"

"சரிண்ணா, அத்தையும் அணைங்க. எண்ணலாம்" என்றாள் காந்திமதி.

"நெலத்த இருட்டுல வுடறதா? கல்ல எவனாச்சும்..."

"அக்காவ காவலுக்கு நிறுத்துங்க."

அப்படித்தான் நடந்தது. முனிரத்தினம் பின்சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தார். கங்கையம்மாள் கையில் ஒரு தென்னை மட்டையோடு பிளாட்டின் நடுவில் நின்றாள். மீட்டரின் தட்டு கும்பிடு போட்டுவிட்டு நின்றது. முனிரத்தினம் பீஸ் கட்டையைச் செருக, துரை ஓடிப்போய்ப் பழைய பல்பை மாட்டி எரித்தான். தட்டு கிளம்பிற்று. எட்மண்ட் வாட்சைப் பார்த்தார். எல்லாரும் வாய்க்குள் எண்ணினார்கள்.

"அஞ்சு மினிட்ஸ். ரெண்டு சுத்து, அதுக்கு மேல கொஞ்சம்."

"முடிஞ்சிச்சா?" என்று பின்னாலிருந்து கங்கையம்மாள் குரல். "கொசு புடுங்குது!"

"இரு இரு!"

பல்பைக் கழற்றி ரெண்டு விரல் லைட்டை மாட்டினார்கள். ஜன்னல் வழியாக வெள்ளை வெளிச்சம் முற்றத்தில் விழுந்தது. தட்டு நகர்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சிவப்புப் புள்ளி மாமியார் வீட்டுக்குக் கிளம்பின மருமகள் மாதிரி அடிமேல் அடி வைத்தது.

"டைம்!" என்றார் எட்மண்ட். "அரை சுத்து கூட வரல சார். பாத்துக்குங்க."

முனிரத்தினம் டார்ச்சைப் பிடுங்கித் தானே அடித்துப் பார்த்தார். கண்ணாடியை விரலால் தட்டினார். புள்ளி வேகம் எடுக்கவில்லை. துரை பெருமையாகத் தொண்டையைச் செருமினான். காந்திமதி, அப்பாடா, இப்போதே உட்கார்ந்தால் ஆறையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

முனிரத்தினம் கையை நீட்டினார். பீஸ் கட்டையை மறுபடி பிடுங்கினார்.

"சுத்து கம்மியா வர்து, சரி. அதுக்கு இன்னா இப்ப? என் வூட்டுல இன்னா எரியணும்னு நான்தான் சொல்வேன். வூட்டுக்குள்ள குண்டு பல்புதான். புடிக்கலன்னா காலி பண்ணிகினு போயிடு."

எட்மண்ட் சட்டைக் கையை இழுத்து வாட்சை மூடிக்கொண்டார். துரை தலையைக் குனிந்துகொண்டான். மனுஷன் தோற்றுப்போனது மீட்டரிடம் இல்லை, நாலு பேர் எதிரில். அதை இனி எந்தக் கணக்கும் சரிக்கட்டாது என்று காந்திமதிக்குப் புரிந்தது.  

"வூட்டுக்குள்ள குண்டு பல்புதான். அவ்ளோதானண்ணா?"

"அவ்ளோதான்."

"பிளாட்டு வூட்டுக் கணக்குல வராது. அதுவும் நீங்க சொன்னதுதான?"

அவர் பதில் சொல்லும் முன்பே அவள் உள்ளே போய்விட்டாள். "யோவ், மெஷின ஒரு பக்கம் புடி" என்று துரையிடம் சொன்னாள்.

"எங்க?"

"புடின்றன்ல?"

கால்மெஷின் படி இறங்கியது. வீட்டைச் சுற்றிக்கொண்டு பிளாட்டுக்குள் போயிற்று. துரைக்கு அதற்குள் ஏதோ ஒரு ரோஷம் வந்திருந்தது. இரண்டாவது நடைக்கு ஸ்டூலையும் பாயையும் அவனே எடுத்து வந்தான். காந்திமதி ஜாக்கெட் துணி ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு சவுக்குக் கொம்பில் ஏறி, தகரத் தொப்பிக்குள் கைவிட்டு, இன்னும் சூடு ஆறாத இருநூறு வாட்ஸ் குண்டைக் கழற்றினாள். வீட்டிலிருந்து கழற்றி வந்த ரெண்டு விரல் லைட்டை அந்த இடத்தில் செருகினாள்.

"அக்கா, அந்தச் சுவிச்சப் போடுங்க."

கங்கையம்மாள் புருஷன் இருந்த திசையை ஒரு தடவை பார்த்தாள். மட்டையைக் கீழே போட்டாள். ஸ்விட்சைப் போட்டாள்.

முடிச்சூரில் அது வரைக்கும் எந்த பிளாட்டிலும் அப்படி ஒரு வெள்ளை விழுந்ததில்லை. எல்லைக் கல் நாலும் பல் விளக்கினது மாதிரி தெரிந்தன. நடுவில் பாயை விரித்து, அதன் மேல் ஆறு புடவையையும் பரப்பி, காந்திமதி மெஷினில் உட்கார்ந்தாள். கருநீலத்துக்குக் கருநீலம். அரக்குக்கு அரக்கு. மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. எதிர் வீட்டு மாடியில் ஆள் கூடியது. சைக்கிளில் போனவன் இறங்கி, "இன்னாக்கா, பிளாட்டுல டைலர் கடை போட்டுட்டியா?" என்றான்.

"ஆமா. வூட்டுல எரிக்க சட்டம் இல்ல, அதான் வெளிய வந்துட்டேன். துணி கீதா?"

முனிரத்தினம் வந்து நின்றார். கையில் அவளுடைய பீஸ் கட்டை. பிளாட்டு லைனின் பீஸையும் பிடுங்கலாம். ஒரு நொடி வேலை. பிடுங்கினால் நிலம் இருட்டு. தெருவே நின்று வேடிக்கை பார்க்கிறது, யார் கை கல்லின் மேல் இருக்கும் என்று யார் கண்டது? கட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டார்.  திரும்பிப் போனார்.

நாலாவது புடவை நடக்கும்போது, வரிசையில் எல்லாரும் வீட்டை இருட்டாகவே போட்டுவிட்டு பிளாட்டில் நின்று வேடிக்கை பார்க்க, வாசலில் அவர் குரல் கேட்டது. "ஏய் கங்கா! மீட்டரு நின்னு போச்சுடி! இந்தப் பொம்பள இன்னாத்தையோ பண்ணி மீட்டரையே கெடுத்துட்டா!"

கங்கையம்மாள் போய்ப் பார்த்தாள். "கெடலையா. ஓடுது. உன் குண்டு இல்லாததால மெதுவா ஓடுது" என்று வாசலிலேயே வைத்துச் சொன்னாள். பிளாட்டு வரைக்கும் கேட்டது. எதிர் மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

ஐந்தாவது புடவையின்போது அவர் மறுபடி வந்தார். பீஸ் கட்டையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார்.

"மாட்டிடறேன். உள்ள போயி தெய்யி."

"எத்த எரிச்சிகினு?"

"அத்தையே எரி. போ." கொஞ்சம் பொறுத்து, "தெருவே சிரிக்குது" என்றார்.

காந்திமதி காலை நிறுத்தவில்லை. "இன்னும் ஒண்ணு கீதுண்ணா. முடிச்சிட்டுத்தான் எழுந்திருப்பேன்."

முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். ஏறி லைட்டைக் கழற்றிக்கொண்டாள். பிளாட்டு சட்டென்று இருண்டது. ஆறிப்போய்க் கிடந்த இருநூறு வாட்ஸ் குண்டை எடுத்து முனிரத்தினத்தின் கையில் கொடுத்தாள். "இது உங்களுது. இது என்னுது."

மறுநாள் காலையில் சம்பந்தம் ஆறு புடவையையும் வாசலில், வெயிலில், ஒவ்வொன்றாக விரித்தார். ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். கடைசியில் உள்ளே போய், இரண்டு மூட்டையைத் தூக்கிவந்து அவள் காலடியில் போட்டார்.

"இது எல்லாம் எப்ப தருவ?"

"மொதல்ல கம்பெனில டோக்கனத் திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன் சார்" என்றாள் காந்திமதி.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் முடிச்சூருக்குத் திரும்பி வந்தபோது பின்பக்கம் இருட்டாக இருந்தது. சவுக்குக் கொம்பின் தகரத் தொப்பிக்குள் ஒன்றும் இல்லை. பழைய குண்டைத் திரும்ப மாட்ட முனிரத்தினத்துக்கு மனசு வரவில்லை. அந்தச் சிவப்புப் புள்ளி ஓடின ஓட்டத்தைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாரே. தோத்தாத்ரி கடைக்குப் போய், அவள் வாங்கினதையே தானும் வாங்கி வரவும் மானம் இடம் கொடுக்கவில்லை. அதனால் பிளாட்டின் நடுவில் இரும்பு நாற்காலி போட்டு, மடியில் டார்ச் லைட்டோடு, கொசுவை அடித்துக்கொண்டு அவரே உட்கார்ந்திருந்தார்.

காந்திமதி மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, உள்ளே போய்த் தன் லைட்டைப் போட்டாள். வெளிச்சம் பின்ஜன்னல் வழியாக நீண்டு போய், முதல் எல்லைக் கல்லைத் தொட்டது. முனிரத்தினம் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளி, அந்த வெளிச்சத்துக்குள் வராமல் பார்த்து உட்கார்ந்தார்.

"எத்தினி நாளைக்குண்ணா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"உன் வேலையப் பாரும்மா!"

"பாத்துகினுதான் கீறேன்" என்றாள், ஊசியில் கருநீல நூலைக் கோத்துக்கொண்டே.